டம்மியா, மேனிக்வினா, பாவையா?

கால்பந்தில் ப்ரீகிக் (எதிரணி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கிற உதை) அடித்துப் பழகும்போது, பந்தை மறிக்க நிற்கும் எதிரணி ஆட்களின் சுவருக்குப் பதிலாக வரிசையாக நட்டு வைக்கிறோமே, ஆள் உயரத்தில் தலையும் தோளும் மட்டும் மனுஷன் மாதிரி வெட்டிய பிளாஸ்டிக் உரு, அதற்குத் தமிழில் என்ன பெயர்? எங்கள் பக்கம், அதாவது குமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்குமான கடற்கரையில், யாரைக் கேட்டாலும் டம்மி என்பார்கள். கடை பில்லில் மேனிக்வின் என்று வரும். நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம், அங்கேயும் டம்மிதான். சரி, ஊருக்கே புரிகிற வார்த்தை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்குப் பந்து குறுக்கே வருகிறது, நடுவில் ஒரு பையன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் காலியாக நிற்கிறான். "டம்மி விடு மக்கா, டம்மி விடு!" என்று கத்தினேன். பந்தைத் தொடாமல் தொடுகிற மாதிரி பாவனை காட்டிப் பின்னால் போக விடு என்று அர்த்தம். அவனோ பந்தை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்தில் நட்டிருந்த டம்மியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு "எங்க சார் விடணும்?" என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை. ஒரே மைதானத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த இன்னொரு டம்மி சாதாரண விஷயமும் இல்லை. 1970 உலகக் கோப்பை அரையிறுதியில் உருகுவே கோல்கீப்பர் மசுர்கியேவிச்சை ஏமாற்ற பெலே பந்தைத் தொடாமலே ஒரு பக்கம் ஓட விட்டு, தான் மறுபக்கம் சுற்றிப் போய் அதைப் பிடித்தது அதுதான் (கோல் மட்டும் விழவில்லை, மயிரிழையில் வெளியே போனது). 2002 இறுதிப் போட்டியில் கிளேபர்சன் தள்ளிய பந்தை ரிவால்டோ கால்களுக்கு நடுவே போக விட, பின்னால் நின்ற ரொனால்டோ ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோல் அடித்ததும் அதுதான். ஆக டம்மி என்ற சொல்லை ஆட்டத்தின் அந்தத் தந்திரத்துக்கே விட்டுவிடலாம், அதற்குத்தான் பொருத்தம். நட்டு வைக்கிற உருவுக்கு வேறு பெயர் வேண்டும்.

இந்த டம்மி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் கசக்கும். ஆங்கிலத்தில் டம்ப் என்றால் ஊமை. அதிலிருந்து பிறந்த டம்மி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், வாய் பேச முடியாத ஆளைத்தான் குறித்தது. அப்புறம் சீட்டாட்டத்தில் ஆளில்லாத கைக்குப் பெயரானது, துணிக்கடை உருவுக்குப் பெயரானது, குழந்தை வாயில் வைக்கிற ரப்பர் காம்புக்கும் பெயரானது. நாம் அதைத் தமிழுக்குள் கொண்டுவந்து 'டம்மி பீஸ்' ஆக்கி, உதவாத ஆள் என்று திட்டப் பயன்படுத்துகிறோம். பேச முடியாதவரை இழிவாகச் சொன்னதில் தொடங்கிய சொல், எத்தனை கை மாறியும் அந்தக் குணம் முழுசாகப் போகவில்லை.

மேனிக்வினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பழைய டச்சு மொழியில் மன்னெக்கென் என்றால் குட்டி மனிதன். பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒன்றுக்குப் போகும் சின்னப் பையன் சிலை இருக்கிறதே, மன்னெக்கென் பிஸ், அதில் இருப்பதும் இதே சொல். பிரெஞ்சுக்குப் போய் மேனிக்வின் ஆகி, ஓவியர்கள் உடல் வளைவு பார்த்து வரைய வைத்திருந்த மூட்டு மடங்கும் மரப் பொம்மையைக் குறித்தது, பிறகு உடை மாட்டிக் காட்டுகிற உருவை, உடை போட்டுக் காட்டுகிற பெண்ணையும்கூட. நல்ல சொல்தான், ஆனால் எங்கள் பையன்கள் வாயில் அது நுழைவதற்குள் பயிற்சி நேரம் முடிந்துவிடும்.

பெயர் வைக்குமுன் அந்த உரு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். முக்கியமானது சுவர்: ப்ரீகிக்கில் எதிராளிகள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதனால் அந்த அளவை அளந்து நாலைந்து உருக்களை நட்டு, அவற்றின் தலைக்கு மேலோ ஓரத்திலோ பந்தை வளைத்துப் பழகுவார்கள். உண்மையான ஆட்களை நிறுத்தி நூறு தடவை முகத்தில் அடிக்க முடியுமா? இன்னொரு வேலை, எதிரணி நிற்கும் இடங்களில் உருக்களை நட்டுவிட்டு, அவற்றின் இடுக்குகளில் பந்தைக் கடத்திப் பழகுவது. புல்லில் குத்த அடியில் கூர்முனை இருக்கும், செயற்கைப் புல்லுக்குக் கனமான ரப்பர் அடி. எங்கள் மணலில் இரண்டும் சரிவராது, கடல் காற்று அடித்தால் வரிசையாகச் சாய்ந்துவிடும். நாங்கள் சவுக்குக் கம்பை ஆழமாக நட்டு, மணல் சாக்கைக் கட்டி, மேலே பழைய வலைத் துண்டைச் சுற்றி வைத்தோம். அசல் பிளாஸ்டிக்கைவிட அது நன்றாக நின்றது.

ஆக முகமோ கை காலோ அதற்கு முக்கியமில்லை, எதிராளியின் இடத்தை அது அடைக்கிறது, அவ்வளவுதான். அந்த வகையில் பறவைகளை விரட்ட வயலில் நட்டு வைக்கிற உருவுக்கான சொற்கள் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது நோக்குகுத்தி. குத்தி நிறுத்தியது என்ற அளவில் கச்சிதம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவனையும் அப்படித்தான் சொல்வார்கள், எந்தத் தடுப்பாட்டக்காரனும் ஏற்கமாட்டான். தமிழில் வெருளி உண்டு, அருமையான சொல். ஆனால் வெருட்டுவது அதன் வேலை. இந்த உரு யாரையும் பயமுறுத்துவதில்லை. பொம்மை என்று சொல்லிப் பார்த்தேன், பதினாறு வயதுப் பையன்கள் சிரித்தே தீர்த்தார்கள்.

மிஞ்சுவது பாவை. மலையாளத்தில் பாவ என்பார்கள், எல்லைக்கு இரண்டு பக்கமும் விளக்கம் தேவையில்லை. தோல்பாவைக்கூத்து குமரி மாவட்டத்திலும் உண்டு, பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில் கூத்துமாடங்களிலும் உண்டு, அங்கே பாடுவது கம்பன் பாட்டு. இந்தச் சொல்லுக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை. எதிராளிக்குப் பதிலாக நிற்பதால் முழுப் பெயர் எதிராள் பாவை, சுவராக வரிசையில் நின்றால் சுவர்ப் பாவை, மைதானத்தில் கத்தும்போது பாவை மட்டும் போதும்.

அசையாமல் நிற்பதற்குப் பாவை என்ற பெயர் பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தும். நுட்பமான அறிவில்லாதவனின் அழகு 'மண்மாண் புனைபாவை' அழகு போன்றது என்கிறது குறள் 407, அது நின்ற இடத்திலேயே நிற்கிற மண் உரு. அப்படியானால் அசைகிறதற்கு? 2015இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிக்காரர்கள், அவர்கள் நாட்டு ஃபுட்பால் பயிற்சிக்காக, ரிமோட்டில் ஓடுகிற உரு ஒன்றைக் காட்டினார்கள், மோதிக் கீழே தள்ளினாலும் தானே எழுந்து நிற்கும். அதற்கும் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. குறள் 1020இல் கயிற்றால் ஆட்டுவிக்கப்படுகிற மரப்பாவை இருக்கிறது, கயிறு இருந்த இடத்தில் இப்போது ரிமோட்.