வில்லின் இழுவிசை: சிங்கப்பூரில் சட்டம் சொல்வதும் விதிமுறை சொல்வதும்

வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில் வேண்டும் என்று தேடுபவருக்கு 40, 50 என்னும் எண்கள் எளிதில் கிடைத்துவிடும். அவை சிங்கப்பூருக்கு உரிய எண்கள் அல்ல. வில் வேட்டையை அனுமதிக்கும் இடங்களில், அம்பு பட்ட விலங்கு காயத்தோடு ஓடி நாள்கணக்கில் துன்புறக்கூடாது என்பதற்காக, இவ்வளவுக்குக் குறைவான இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை, பவுண்டில்) உள்ள வில்லைப் பயன்படுத்தக்கூடாது என்று அரசு வரையறுக்கிறது. எடுத்துக்காட்டாக, அலாஸ்காவில் மான், கருங்கரடி போன்றவற்றுக்குக் குறைந்தது 40 பவுண்டும், மூஸ், பழுப்புக் கரடி போன்ற பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 50 பவுண்டும் தேவை. பிரிட்டனிலோ 1981ஆம் ஆண்டின் சட்டம் காட்டு விலங்குகளை வில்லால் கொல்வதையே தடை செய்திருப்பதால், அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். முந்தைய காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டம் என்ற பெயரில் நடப்பில் உள்ளது. அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வோருக்கும் பிடிப்போருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் அது 50,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என உயரும். புக்கிட் பாஞ்சாங்கில் காட்டுப்பன்றி நடமாடுகிறது, குரங்கு சமையலறைக்குள் நுழைகிறது என்பதெல்லாம் வில்லை எடுப்பதற்குக் காரணமாகாது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைப்பதே அதற்கான வழி. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளுக்குள் வேட்டைக் கருவியை வைத்திருப்பதே தனிக்குற்றம்.

வில்லைக் கொண்டுசெல்வதைப் பற்றியும் ஒரு சொல். காயம் விளைவிக்கத்தக்க கருவியை நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பயிற்சிக்குப் போவது நியாயமான காரணம்தான். ஆயினும் நாணைக் கழற்றி, பிரித்து, பையில் மூடி எடுத்துச் செல்வது நல்லது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தின் கோடியில் அட்டைப்பெட்டியை வைத்து எய்து பழகுவது எவ்வளவு குறைந்த இழுவிசையிலும் கூடாது. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்குத் தண்டனைச் சட்டத்தொகுப்பில் தனிப்பிரிவு இருக்கிறது.

ஆகவே இங்கு வில் வாங்குபவர் இலக்கு எய்தலை மட்டுமே மனத்தில் வைத்து இழுவிசையைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கும் ஒரு விதி உண்டு, ஆனால் அது கீழ்வரம்பு அன்று, மேல்வரம்பு. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் கப்பி பொருத்திய காம்பவுண்டு வில்லின் உச்ச இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. முனைகள் வெளிப்புறம் வளைந்த, கப்பியில்லாத ரிகர்வ் வில்லுக்கு அத்தகைய வரம்பு இல்லை. காம்பவுண்டு வில்லில் நாணை முழுதாக இழுத்தபின் பாரத்தின் பெரும்பகுதியைக் கப்பி ஏற்றுக்கொள்ள, விரலில் சிறு பங்கே தங்கும். ரிகர்விலும் மரபு வில்லிலும் குறிபார்க்கும் நேரம் முழுவதும் மொத்தப் பாரமும் விரலிலேயே நிற்கும்.

பலர் தடுமாறுவது வில்லில் அச்சிட்ட எண்ணைப் படிப்பதில்தான். ரிகர்வ் வில்லின் இறக்கையில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், 30 பவுண்டு என்று இருந்தால், 28 அங்குல இழுப்பில் 30 பவுண்டு என்று பொருள். அந்த 28 அங்குலம் நாணில் அம்பு பொருந்தும் இடத்திலிருந்து கைப்பிடியின் உட்குழிவு வரையிலான தூரத்தோடு ஒன்றேமுக்கால் அங்குலம் சேர்த்த அளவு. கை நீளம் குறைந்த ஒருவர் 26 அங்குலமே இழுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறைந்து அவர் விரலில் 26 பவுண்டு அளவே இருக்கும். 30 அங்குலம் இழுக்கும் நெடியவருக்கு அதே வில் 34 பவுண்டு ஆகும். கணவனும் மனைவியும் ஒரே வில்லைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணி வாங்கும்போது இந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான வழி, வில் தராசை நாணில் மாட்டித் தமது சொந்த இழுப்பில் அளந்து பார்ப்பதே.

புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கு 18 முதல் 24 பவுண்டு போதும், சிறுவருக்கு இன்னும் குறைவாகவே வேண்டும். சிவதனுசை ஒடித்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 70 மீட்டர் தகுதிச் சுற்றில் 72 அம்புகள் எய்ய வேண்டும். 30 பவுண்டு வில்லானாலும் அது மொத்தம் 2,160 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 980 கிலோகிராம். கடைசி அம்பிலும் தோள் உயராமல், முழு இழுப்பில் ஏழெட்டு நொடி நடுக்கமின்றி நிற்க முடிகிறதா என்பதே என் அளவுகோல். முடியவில்லை என்றால் எண் கூடுதல். கனமான வில்லைத் தொடக்கத்திலேயே வாங்கியவர் குறிபார்க்கப் பழகாமல் விரைந்து நாணை விடப் பழகிவிடுகிறார்; அப்பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது வில்லை மாற்றுவதைவிடக் கடினம்.

கைப்பிடியும் இறக்கைகளும் தனித்தனியாகக் கழற்றக்கூடிய ஐஎல்எஃப் வகை வில்லை எடுத்தால், வலு கூடக்கூட இறக்கைகளை மட்டும் இரண்டு இரண்டு பவுண்டாக மாற்றிக்கொண்டு போகலாம். இறக்கைத் திருகாணிகளைச் சரிசெய்தே ஓரளவு கூட்டவும் குறைக்கவும் முடியும். இழுவிசை மாறினால் அம்பின் விறைப்பும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதால், புதிய இறக்கைகளின் விலையோடு புதிய அம்புகளின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடையில் வில்லைச் சோதிக்கையில் அம்பின்றி நாணை இழுத்து விட்டுவிடக்கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் இறக்கைகளிலேயே இறங்கி அவற்றைப் பிளந்துவிடக்கூடும்.