தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்

"தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது சார், மீன் மட்டும் ஏன் சாகிறது?" இந்த மாதத்தில் மூன்றாவது ஆள் இதே கேள்வியோடு என்னை அழைத்துவிட்டார். மீன் தொட்டித் தண்ணீரைச் செடி வளரும் ஜல்லிப் படுகை வழியாக ஓடவிட்டு மீண்டும் தொட்டிக்கே கொண்டுவரும் அக்வாபோனிக்ஸ் தொட்டிகளைப் பதினைந்து வருடங்களாகப் பார்த்துவருகிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமை மிஞ்சவில்லை.

திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடி. 1,000 லிட்டர் தொட்டியில் நாற்பது ஜிலேபி மீன்கள். பக்கத்து ஜல்லிப் படுகையில் இரண்டு வாழைக் கன்றுகள், பசலை, வெண்டை. அருமையாக வளர்ந்திருந்தன. ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர், வழவழப்பாக இருந்த ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தொட்டியையும் புதிதாக நிரப்பியிருக்கிறார். எட்டாம் நாள் நான் போனபோது மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூடி, வாயை மேலே தூக்கித் தவித்துக்கொண்டிருந்தன. செத்த ஒன்றின் செவுளைத் திறந்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நைட்ரைட்டின் வேலை.

அந்த வழவழப்பு அழுக்கல்ல. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைச் செடி உண்ணும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. உப்புப் போட்ட தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும், குடித்துப் பார்த்தால்தானே தெரியும்? கழுவித் துடைத்த தொட்டிதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருக்கும். ஆபத்தும் அதில்தான் அதிகம். நல்ல தொட்டியின் தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் காட்டினால் பதறாதீர்கள். நிறத்தைப் பார்த்துத் தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

கண் சொல்லாததைச் சோதனைச் சொட்டு மருந்து சொல்லும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியா சோதனையில் மஞ்சள் நிறம் பச்சையாக மாறினால் அன்றைக்கே தீனியை நிறுத்துங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு மீன் விடுங்கள். தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் கால் பங்கு போதும், அதுவும் குளோரின் நீக்கியது. ஜல்லியைக் கழுவியே ஆகவேண்டுமா? தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், ஒரு சமயத்தில் ஒரு பகுதி மட்டும்.

எண்ணூர், மணலிப் பக்கம் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. வாழை அதிக உப்பைத் தாங்காது. கடினத் தண்ணீரில் காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும். சித்திரை வெயிலில் இன்னும் மோசம். வாழையின் அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளாகிக் கருகினால் பெரும்பாலும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவுதான். மீன் தீவனத்தில் அது வாழைக்குப் போதாது. பொட்டாசியம் சல்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாழைக்கு என்று தனிப் படுகை ஒதுக்குவதும் நல்லது, இல்லையென்றால் வேர் குழாயை அடைத்துவிடும்.

இன்னொன்று. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ராயபுரம், தண்டையார்பேட்டையின் பழைய மரவிட்டக் கூரை வீடுகளில் இதை மேலே ஏற்றவே வேண்டாம். கீழே இடமில்லையென்றால் விட்டுவிடுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம்.

திருவொற்றியூர்க்காரருக்கு அன்று லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் கலக்காத கல்லுப்பைக் கரைத்துவிடச் சொன்னேன். அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். பதினொரு மீன்கள் பிழைத்தன. அடுத்த வாரமே புது மீன் வாங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் ஐயா, முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள், சோதித்துச் சொல்கிறேன்.