வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத்தில் கேரட்: எந்த விதை வாங்கலாம்?

விதைப் பாக்கெட்டின் மேல் இருக்கும் படத்தை முதலில் மறந்துவிடுங்கள். பளீர் ஆரஞ்சு நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நேராக நிற்கும் அந்தக் கேரட் ஏதோ குளிர்ந்த ஊரில் வளர்ந்தது. 'சிங்கப்பூரில் கேரட் வரவே வராது' என்று சொல்பவர்களில் பலர் அந்தப் படத்தை நம்பி விதைத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கேரட் இலை பகல் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கிறது. செடியின் அன்றாடச் செலவு போக மிச்சம் இருப்பதுதான் வேரில் சேரும். அந்தச் செலவில் பெரும்பங்கு சுவாசத்துக்குப் போகிறது. சுவாசம் இரவிலும் நிற்காது. சூடு கூடக் கூட வேகமெடுக்கும். நம் ஊர்ப் பகல் 31, 32 டிகிரி செல்சியஸ். அதைக்கூட ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் விடியற்காலையிலும் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத இரவு இருக்கிறதே, அதுதான் சேமிப்பைத் தின்கிறது. ஊட்டிக் கேரட்டின் இனிப்புக்கு அங்கத்திய குளிர் இரவுகள் ஒரு முக்கியக் காரணம்.

நிறமும் இப்படித்தான். ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நன்றாகச் சேர்வது சுமார் 16 முதல் 21 டிகிரி வரையிலான வெப்பத்தில். அதைத் தாண்டினால் வேர் குட்டையாகி, வெளிறும். கேரட்டின் வாசனைக்குக் காரணமான டெர்பீன்கள் தூக்கலாகி, லேசான கசப்பும் தட்டும்.

அதனால் விதை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்த ரகம் எந்தத் தட்பவெப்பத்துக்காக உருவாக்கப்பட்டது என்பதைத்தான். கடைகளில் எளிதில் கிடைக்கும் நான்டஸ் பிரான்சில் பிறந்தது. உருளை வடிவம், மெல்லிய நடுத்தண்டு, நல்ல இனிப்பு. ஆனால் எல்லாம் குளிரில்தான். ஜப்பானிய ரகமான குரோடா சூட்டைத் தாங்கும். ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் பரவலாகப் பயிராவது அதனால்தான். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா விருஷ்டி, சூட்டோடு ஈரப்பதத்தையும் தாங்கும் சிவப்பு ரகம். அந்தச் சிவப்பு, தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன். பிரேசிலிலும் கோடைக்காகவே பிரசிலியா என்றொரு ரகத்தை உருவாக்கினார்கள்.

அடுத்தது நீளம். கேரட் வேர் முதல் சில வாரங்களில் நூல் மாதிரி கீழே இறங்கி, நீளத்தை முடிவு செய்துகொள்ளும். பருப்பது அப்புறம்தான். இறங்கும் நுனி கல்லிலோ தொட்டியின் அடியிலோ முட்டினால் வேர் கிளைத்து, இரண்டு கால் மூன்று கால் கேரட்டாகிவிடும். தாழ்வாரத்தில் வைக்கிற 20 செ.மீ. ஆழப் பெட்டியில் 25 செ.மீ. வளரும் இம்பரேட்டர் ரகத்தைப் போடுவது வீண் வேலை. உருண்டையான பாரிஸ் மார்க்கெட்டும் குட்டையான சான்டனேயும் அளவுக்குப் பொருந்தும். ஆனால் அவையும் குளிர்நாட்டுப் பிள்ளைகள். சூடு, ஆழம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு குரோடாவுக்கே. தொட்டி மட்டும் 30 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும்.

நம் ஊரில் ஒரு சௌகரியமும் உண்டு. ஐரோப்பிய ரகங்கள் பூக்க, 10 டிகிரிக்கும் குறைவான குளிர் பல வாரம் வேண்டும். அது இங்கே கிடைக்காது. எனவே வேர் பருக்கும் முன்பே பூத்து நார் பாயும் தொல்லை இல்லை. சொந்தமாக விதை எடுக்கவும் முடியாதுதான். வாங்கிய விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும்.

கேரட் விதையின் கரு மிகச் சிறியது. விதைக்குள்ளேயே கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வெளியே வரும். அதனால் முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயக்கூடாது. மண் 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் முளைக்காது. மதிய வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். முளைக்கும் வரை ஈரச் சாக்கை மேலே போட்டு வைக்கலாம். (தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு வந்தால் அபராதமும் வரும்.)

முளைத்த பிறகு ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு மற்றவற்றைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடிவிடும். வெட்டிய தளிரை ரசத்தில் போடலாம். கேரட்டும் கொத்தமல்லியும் ஒரே குடும்பம்தானே.