காசநோய்க்கு எந்தப் பரிசோதனை? அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் இந்த உரிமை உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரக் கிரானைட் குவாரிகளில் வேலை செய்வோர் தங்கள் இருமலைத் தூசி இருமல் என்று தள்ளிவிடக் கூடாது. கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும்.

எல்லாப் பரிசோதனைகளும் ஒன்றல்ல. மைக்ரோஸ்கோப்பில் சளியைப் பார்க்கும் பழைய முறை மலிவானது, சிறிய நிலையங்களிலும் நடக்கக்கூடியது. ஆனால் ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தென்படும். ஆகவே ‘நெகட்டிவ்’ என்று சீட்டு வந்த பிறகும் இருமலும் காய்ச்சலும் தொடர்ந்தால், நோய் இல்லை என்று வீடு திரும்பிவிடாமல், எக்ஸ்ரேயும், சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும் என்று கேட்க வேண்டும். திட்டத்தின் இப்போதைய வழிகாட்டுதலும், வசதி உள்ள இடங்களில் முதலிலேயே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான்.

மரபணுப் பரிசோதனையில் சிபிநாட், ட்ரூநாட் என இரண்டு கருவிகள் உள்ளன. சிபிநாட் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா என்பதையும், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்பதையும் ஒருசேரச் சொல்லும். ஆனால் தடையில்லா மின்சாரமும் குளிரூட்டிய அறையும் தேவை. கோவா நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் பேட்டரியில் இயங்கும்; அதை உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஏற்றது. மருந்து எதிர்ப்பை அறிய அதில் இன்னொரு சிப் போட வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ட்ரூநாட்டே பொருத்தம் என்பது என் கருத்து. கருவி இல்லாத நிலையத்திலிருந்து சளி மாதிரியை மட்டும் அனுப்பி முடிவைப் பெற திட்டத்தில் வழியுண்டு என்பதால், நோயாளி பேருந்து ஏறி அலைய வேண்டியதில்லை.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மிக நுட்பமானது. ஆனால் அதில் விரைவானதான திரவ முறையிலேயே 42 நாள் வரை ஆகலாம். சிகிச்சையின் பலனை அறிய மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சருமே உதவும், ஏனெனில் மரபணுப் பரிசோதனை செத்த கிருமியையும் காட்டிவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் பரிசோதனைகளை மத்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது. யாரேனும் எழுதிக் கொடுத்தால் பணம் கட்ட வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் கொடுக்கும் சளியைப் பொறுத்தே முடிவு அமையும். காலையில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி, குறைந்தது இரண்டு மில்லி கெட்டிச் சளியை டப்பாவில் துப்பி இறுக மூட வேண்டும். எச்சில் பயன்படாது. சளி வராத குழந்தைகளுக்கு இரைப்பை நீரிலும், கழுத்துக் கட்டிக்கு ஊசியால் எடுத்த மாதிரியிலும் சோதிக்கலாம்.

நோய் உறுதியானதும் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு எண் பெற வேண்டும். அந்த எண் நாடு முழுவதும் செல்லும் என்பதால், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர் அங்கேயும் மாத்திரையைத் தொடரலாம். 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவித்தொகையும் அந்தப் பதிவின்படியே வங்கிக் கணக்கில் சேரும்.