ஒருநடைக் காவுகை

கனடாவிலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் ஏரிக்கு ஏரி கனூ என்னும் துடுப்புப் படகில் போகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'சிங்கிள் கேரி'. ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை நடுவில் காட்டுப்பாதைதான். படகு, கூடாரம், சாப்பாடு, துடுப்பு எல்லாவற்றையும் சுமந்து நடந்தாக வேண்டும். அத்தனையையும் ஒரே தடவையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது சிங்கிள் கேரி. அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடியதில் கிடைத்ததுதான் தலைப்பு.

இரண்டு தடவை என்றால் 'டபுள் கேரி'. பேரை வைத்து நடையும் இரண்டு மடங்குதான் என்று நினைத்துவிடக் கூடாது. கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமக்க வேண்டும். 1 கிலோமீட்டர் பாதை 3 கிலோமீட்டர் ஆகிவிடும். மூன்று தடவை என்றால் 5.

அதற்காக ஒரே தடவையில் சுமப்பது சுகம் என்றில்லை. படகைக் கவிழ்த்து, நடுவே குறுக்காகப் பொருத்திய நுகத்தைத் தோள்களில் ஏற்றிக்கொள்வார்கள். முதுகில் பை. தலை படகுக்குள் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரிவது காலடி மண்ணும் வேர்களும்தான். முன்நுனியைக் கொஞ்சம் உயர்த்தினால் பாதை தெரியும், கை கடுக்கும். கொசு முகத்தில் உட்கார்ந்தால் அடிக்கக் கை ஒழியாது. கெவ்லார் என்னும் இலேசான செயற்கை இழையில் செய்த படகு 20 கிலோ அளவில் இருப்பதால் சமாளிக்கலாம். 17 அடி அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும்.

படகைத் தரைவழியே சுமப்பதற்குப் பொதுப்பெயர் 'போர்ட்டேஜ்'. பிரெஞ்சில் 'போர்ட்டே' என்றால் சுமத்தல். அதற்கு மூலம் லத்தீனின் 'போர்ட்டாரே'. மூட்டை தூக்கும் போர்ட்டரும் இதே குடும்பம்தான். துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இதோடு சேர்க்க வேண்டாம். சொல் பிரெஞ்சாக நிலைத்ததற்குக் காரணம், விலங்குகளின் மென்மயிர்த் தோல் (ஃபர்) வணிகத்தில் படகோட்டிய பிரெஞ்சு-கனடியர்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் அவர்கள் 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்று அழைத்த 13.7 கிலோமீட்டர் பாதைக்கு, அப்பகுதிப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் வைத்த பெயரும் 'பெரிய சுமக்குமிடம்' என்றே பொருள்படும். அங்கே ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு மூட்டை, மூட்டை சுமார் 41 கிலோ. கனத்தை நெற்றிப்பட்டையில் தாங்கிக்கொண்டு, பாதை நெடுகத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். ஒரே தடவை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சரி, தமிழில்? 'ஒற்றைச் சுமப்பு' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், ஒரே ஒரு பொருளைச் சுமப்பதாகவோ ஒரே ஆள் சுமப்பதாகவோ பொருள் வந்துவிடும். இங்கே எண்ணப்படுவது போகிற தடவை. அதற்கு நம்மிடம் 'நடை' இருக்கிறது. தண்ணீர் எடுப்பவரும் மணல் வண்டிக்காரரும் "இன்னும் ரெண்டு நடை பாக்கி" என்கிறார்களே, அதே நடை.

சுமத்தலுக்கு 'காவுதல்'. தோளில் சுமப்பது என்று பொருள். காவடியில் இருக்கும் 'கா' அந்தத் தோள்தண்டுதான். இலங்கைத் தமிழர் இன்றும் "காவிக்கொண்டு வா" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். புறநானூற்றில் ஔவையார் "காவினெம் கலனே" என்கிறார். அங்கே கலன் யாழ் முதலிய கருவிகள். ஆனால் 'கலம்' மரக்கலமும் ஆகும் என்பதால், எனக்கு அந்த வரி படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் சொல்வது போலவே கேட்கிறது.

பெயர்ச்சொல்லாக்கும்போது மட்டும் கவனம் தேவை. 'படகுக் காவல்' என்றால் கரையில் காவலாளி நிற்பார், 'படகுக் காவு' என்றால் படகையே பலி கொடுத்துவிடுவோம். ஆகவே போர்ட்டேஜ் 'படகுக் காவுகை', அந்தப் பாதை 'காவுவழி', சிங்கிள் கேரி 'ஒருநடைக் காவுகை'. பேச்சில் இவ்வளவு நீளமும் வேண்டாம். "பை கனம், இன்றைக்கு இருநடைதான்" என்றாலே கூட வருபவருக்குப் புரிந்துவிடும்.