மெஷ் வைஃபை: கண்ணியா, பின்னலா?

ஜன்னலில் கொசு வராமல் அடிக்கிற கம்பி வலையை மெஷ் என்கிறோம். ரவை சலிக்கிற சல்லடையின் அடிப்பாகமும் மெஷ்தான். சில ஆண்டுகளாக வைஃபை பெட்டிகளின் அட்டையிலும் அந்தச் சொல் ஏறியிருக்கிறது. மாடி அறையில் சிக்னல் வரவில்லை, பின்கட்டில் வீடியோ கால் அறுந்துபோகிறது என்று கடையில் சொன்னால், "மெஷ் போட்டுடுங்க, சரியாயிடும்" என்பதுதான் இப்போது வழக்கமான பதில். வீட்டில் ஆங்காங்கே பல வைஃபை பெட்டிகளை வைத்து, அவை தமக்குள் பேசிக்கொண்டு சேர்ந்து இயங்கும் ஏற்பாடு அது. இந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், பெரிய வீட்டுக்கு எதை வாங்குவது என்பதிலும் பாதித் தெளிவு வந்துவிடும்.

ஆங்கிலத்தில் மெஷ் என்பது முதலில் வலையின் நூல்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டையைக் குறித்த சொல். பிறகுதான் முழு வலைக்கும் ஆகி வந்தது. டச்சிலும் ஜெர்மனிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ஜெர்மனில் மாஷெ என்றால் மீன்வலையின் ஓட்டை. கம்பளி பின்னும்போது ஊசியில் விழும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே பெயர்தான். நூலை முடிச்சுப் போட்டுப் பின்னும் கைவேலையிலிருந்து வந்த சொல் இது.

தமிழில் இந்த முதல் பொருளுக்குப் பழைய சொல்லே இருக்கிறது: கண். அகநானூற்றின் 70ஆம் பாட்டு பரதவரின் வலையைக் 'குறுங்கண் அவ்வலை' என்கிறது. சிறிய கண்களை உடைய அழகிய வலை என்று பொருள். சல்லடைக்கும் கண் என்றுதான் சொல்கிறோம். கடற்கரையில் கண்ணி என்ற வடிவமும் வழங்குகிறது. இழுவலையின் மடியில், அதாவது மீன் சேரும் கடைசிப் பையில், கண்ணி 40 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி விதிகள் சொல்வது, மீன்குஞ்சுகள் அந்த ஓட்டை வழியே தப்பிப் போகட்டும் என்பதற்காக. ஆக, கொசுவலைக்கோ மீன்வலைக்கோ மெஷ் என்றால் 'வலைக்கண்' என்று தயங்காமல் சொல்லலாம்.

வைஃபைக்கு அது பொருந்தாது. கணினி வலையமைப்புக்குள் போனபோது அந்தச் சொல்லின் பொருள் இடம் மாறிவிட்டது. அங்கே ஓட்டையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, முடிச்சுதான் முக்கியம்.

ஒரு மீன்வலையைக் கையில் எடுத்து ஒரே ஒரு முடிச்சைப் பாருங்கள். அதிலிருந்து நான்கு நூல்கள் நான்கு பக்கம் போகின்றன. ஒவ்வொன்றும் அடுத்த முடிச்சில் சேர்கிறது, அங்கிருந்து மறுபடி கிளை பிரிகிறது. ஒரு நூல் அறுந்தால் அந்த முடிச்சு தனியாகத் தொங்காது. மீதி மூன்று நூல்களும் அதைப் பிடித்துக்கொள்கின்றன, சுமை வேறு வழியாகப் போய்விடுகிறது. இந்தக் குணத்தைத்தான் வலையமைப்பு வல்லுநர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன் 1964இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளில் மூன்று படங்கள் புகழ்பெற்றவை. முதல் படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே மையத்தில் சேரும். இரண்டாவதில் சில சிறு மையங்கள். மூன்றாவது பார்த்த உடனே மீன்வலை போலவே இருக்கும்: மையமே கிடையாது, எந்தப் புள்ளிக்கும் பல வழிகள். அணு ஆயுதத் தாக்குதலில் பல நிலையங்கள் அழிந்தாலும் மிச்சம் இருப்பவை பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் அதற்கு இட்ட பெயர் 'பரவலாக்கப்பட்ட வலையமைப்பு'. கணினிப் பாடங்களில் இந்த வகை அமைப்பு மெஷ் என்ற பெயரில் நிலைத்தது. எல்லாக் கணினிகளையும் ஒன்றோடொன்று நேராக இணைத்தால் அது முழு மெஷ். 5 கணினிகளுக்கு 10 கேபிள்கள், 10 கணினிகளுக்கு 45 என்று எகிறிப்போகும். அதனால் கேபிளில் முழு மெஷ் அபூர்வம். காற்றில் போகும் அலைக்குக் கேபிள் செலவு இல்லை என்பதால்தான் இந்த யோசனை கம்பியில்லாத் தொடர்பில் வேர்விட்டது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ரூஃப்நெட் என்ற ஆய்வுத் திட்டம் அங்குள்ள கேம்பிரிட்ஜ் நகரத்து மொட்டைமாடிகளில் ஆண்டெனா வைத்து வீட்டுக்கு வீடு இணையத்தைத் தாவ வைத்தது. 2011இல் வைஃபை மெஷ்ஷுக்கென்றே 802.11எஸ் என்ற தரநிலை ஒப்புதல் பெற்றது. 2016இல் ஈரோ, ஆர்பி, கூகுள் வைஃபை எனச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வீடுகளுக்குள் வந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வைஃபைக்கு 'அருகலை' என்ற சொல் ஓரளவு ஊன்றிவிட்டது. அருகு, அலை இரண்டும் சேர்ந்தது. பொருளை நேராகச் சொல்கிறது. வைஃபை என்ற மூலச் சொல்லுக்கே அந்த அளவு பொருள் இல்லை. அது 1999இல் ஒரு பெயர் சூட்டும் நிறுவனம் வணிகத்துக்காக ஆக்கித் தந்த பெயர். அது எதனுடைய சுருக்கமும் இல்லை. ரூட்டருக்குத் திசைவி, வழிப்படுத்தி என்ற இரண்டும் வழக்கில் உண்டு.

மெஷ்ஷுக்கு முதலில் தோன்றுவது கண்ணி. ஆனால் கண்ணி என்றால் பறவை பிடிக்கிற சுருக்கும் ஆகும், பூமாலையும் ஆகும், பாட்டில் இரண்டு அடியும் ஆகும். கண்ணிவெடியில் உறவுகளையும் கால்களையும் இழந்த மக்கள் பேசுகிற மொழி இது. வீட்டுக்குள் வைக்கிற ஒரு பொருளுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்பது என் எண்ணம். வலைப்பின்னல் என்றால் பொதுவாக எல்லா நெட்வொர்க்குக்கும் ஆகிவிட்டது. மிஞ்சுவது 'பின்னல்'. சடையிலும் கூடையிலும் திருப்பூர்ப் பின்னலாடையிலும் நமக்குப் பழகிய சொல். பல இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதை விளக்கம் இல்லாமலே உணர்த்துகிறது. ஜெர்மன் மாஷெயின் பின்னல் பொருளோடும் ஒத்துப்போகிறது. ஆகவே மெஷ் வைஃபை என்றால் 'பின்னல் அருகலை' என்பேன். இதில் ஒவ்வொரு பெட்டியையும் ஆங்கிலத்தில் நோடு என்கிறார்கள். லத்தீனில் முடிச்சு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அதற்குக் கணு என்பது கணினி நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. கரும்பின் கணு போல, இணைப்பு நடக்கிற இடம். இரண்டு கணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதைக்கு பேக்ஹால் என்று பெயர். அதை 'இடைத்தடம்' என்று சொன்னால் புரிந்துவிடும்.

இந்த இடைத்தடம்தான் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம். பின்னல் என்ற சொல்லுக்குப் பெட்டி தகுதியானதா என்பது இங்கேதான் தெரியும்.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திண்ணை, முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம்கட்டு, பின்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம். சுவர்கள் கனமான செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. இணையத்தின் ஃபைபர் முகப்பில் நுழைகிறது என்றால், அங்கே இருக்கும் திசைவியின் அலை வளவைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மூன்று கணுக்கள் வாங்கி முகப்பில் ஒன்று, வளவின் மறுகோடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று வைக்கிறார்கள். பின்கட்டின் கணுவால் முகப்பை நேராக எட்ட முடியாது. நடுக்கணு வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் இருப்பதன் பிளக்கை யாராவது பிடுங்கினால் அதற்குப் பின்னால் உள்ள வீடு முழுக்க இணையம் போய்விடும். அட்டையில் மெஷ் என்று எழுதியிருந்தாலும், இப்படி வைத்தால் அது வெறும் சங்கிலி. நீளமான வீட்டில் பின்னல் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு கணுவுக்கும் குறைந்தது இரண்டு கணுக்களாவது நன்றாக எட்டும்படி வைத்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வரும்.

வேகத்திலும் சிக்கல் உண்டு. வைஃபை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யாது. நடுக்கணு முகப்பிலிருந்து ஒன்றைக் கேட்டு, பிறகு அதே அலைவரிசையில் பின்கட்டுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு தாவலுக்கு வேகம் ஏறத்தாழ பாதியாகும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான எக்ஸ்டெண்டர்களில் மக்கள் படுகிற பாடு பெரும்பாலும் இதுதான். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைப்பட்டைகளில் இயங்கும் டூயல் பேண்ட் பின்னல் பெட்டிகளிலும், இடைத்தடத்துக்கும் உங்கள் போனுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே வேலை செய்வதால், இது ஓரளவு தொடரும். ட்ரை பேண்ட் என்றால் மூன்றாவது ரேடியோ ஒன்று இருக்கும். பல பெட்டிகளில் அதை இடைத்தடத்துக்கென்றே ஒதுக்கிவிடலாம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு, ஒரே ஒரு தாவல் என்றால் டூயல் பேண்ட் தாராளமாகப் போதும். மூன்றாவது ரேடியோவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். 300, 500 என்று வேகம் வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு தாவல் வேண்டும் என்றால் ட்ரை பேண்டுக்குப் போங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த இடைத்தடம் கேபிள்தான். இதைச் சொல்லக் கடைக்காரர்கள் தயங்குவது எனக்கு வருத்தமே. கணுக்களைக் கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிளால் இணைத்துவிட்டால் பாதியாகும் சிக்கலே இல்லை, சாதாரண டூயல் பேண்ட் பெட்டியும் நன்றாக ஓடும். புது வீடு கட்டுகிறவர்கள் வயரிங் நடக்கும்போதே ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காலிக் குழாயாவது போட்டுவையுங்கள். பழைய வீட்டில் சுவரைக் கொத்த மனம் வராதுதான். அங்கே செட்டிநாட்டு அமைப்பே ஒரு வழி தருகிறது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வளவு திறந்த வெளி. அந்த நேர்கோட்டை ஒட்டிக் கணுக்களை வைத்தால் சுவர் குறுக்கே வராது. பக்கத்து அறைக்குள் அலமாரிமேல் வைத்தால் அதே கணு திணறும்.

கான்கிரீட் மாடி வீடுகளில் கதை வேறு. அங்கே பகை தளத்தின் கம்பி. மேல்தளத்துக் கணுவை மாடிப்படிக்கு நேராக வையுங்கள், படிக்கட்டின் திறப்பு வழியே அலை ஏறிவிடும். சிக்னல் சுத்தமாக இல்லாத அறையில் கொண்டுபோய் கணுவை வைப்பது பலர் செய்வது. அங்கே அதற்கே ஒன்றும் கேட்காது, உங்களுக்கு எதைக் கொடுக்கும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற கடைசி இடம்தான் கணுவுக்கு உரிய இடம். போனில் ஒரு வைஃபை அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தால் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாகத் தெரியும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். மைனஸ் 65ஐ ஒட்டி நிற்கும் இடம் சரியாக இருக்கும், மைனஸ் 75க்குப் போய்விட்டால் தள்ளி வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இங்கே இன்னொரு மெஷ்ஷும் குறுக்கே வருகிறது. ஜன்னலில் அடித்திருப்பது இரும்பு அல்லது அலுமினியக் கம்பி வலை என்றால், அந்தச் சின்னக் கண்கள் வைஃபை அலையை மறிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 செ.மீட்டருக்குச் சற்று மேல், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ.; கொசுவே நுழையாத ஓட்டையில் அது எளிதில் நுழைவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளைத் தகடும் இதே கணக்கில்தான் அலையை உள்ளே வைத்திருக்கிறது. தோட்டத்துக்கும் மொட்டைமாடிக்கும் ஜன்னல் வழியாக சிக்னல் போக வேண்டும் என்றால் நைலான் வலை தொந்தரவு தராது.

அட்டையில் உள்ள எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஎக்ஸ்3000 என்றால் 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2.4 பட்டையின் 574, 5 பட்டையின் 2402 இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. அதுவும் ஏட்டளவில் உள்ள உச்சம். வைஃபை 7 என்ற புதிய தலைமுறைக்கு முந்தைய போன்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இருக்கும். இந்த எண்ணைவிட, பெட்டியின் பின்னால் உள்ள கேபிள் துளைகள் ஜிகாபிட்டா, வெறும் 100 எம்பிபிஎஸ்ஸா என்று பார்ப்பது பயனுள்ளது.

வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசும்போது போன் ஒரு கணுவிலிருந்து அடுத்ததுக்குத் தாவ வேண்டும். அந்த முடிவைக் கடைசியில் எடுப்பது போன்தான். அதற்கு வழிகாட்ட, வைஃபையின் அடிப்படைத் தரநிலையான 802.11இன் கே, வி, ஆர் என்ற மூன்று சேர்ப்புகள் உள்ளன. பெட்டியில் இவை இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். வேறு வேறு நிறுவனங்களின் கணுக்கள் சேர்ந்து இயங்க வைஃபை கூட்டமைப்பு 2018இல் ஈஸிமெஷ் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. அதனால் பிறகு ஒரு கணு கூட்ட வேண்டியிருந்தால் அதே நிறுவனத்தின் பெட்டிதான் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் ஒரு திசைவிதான். அதற்குப் பின்னால் இன்னொரு திசைவியாகப் பின்னலை வைத்தால் முகவரி மாற்றும் வேலை இரண்டு முறை நடந்து, விளையாட்டுகளும் கேமராக்களும் முரண்டு பிடிக்கும். புதியதை, திசைவி வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் ஆக்ஸஸ் பாயிண்ட் முறையில் போடுங்கள், அல்லது பழையதை, இணையத்தை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பழையதன் வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு கணுவின் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் வருகிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகப்பில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தால், மின்சாரம் போன நேரத்தில் முகப்பில் மட்டும்தான் இணையமும் இருக்கும்.