எக்ஸ்ரே நார்மல்தான், ஆனாலும் ஓடக்கூடாது

"எக்ஸ்ரே நார்மல்னு போட்டிருக்கே சார், அப்ப நாளைக்கு ஓடலாமா?"

பிசியோதெரபிஸ்டாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்படிக் கேட்கிறவர்களில் பலர் உடற்பயிற்சிக்கு அடிமையானவர்கள். முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் விரலை வைத்தாலே துள்ளுகிறார்கள். ஓய்வில்லாமல் ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். (ரிப்போர்ட் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.)

ஆறு வாரம் ஓய்வு என்றதும் சிலருக்கு முகம் வெளிறிவிடும். "அப்ப நீச்சல்? சைக்கிள்? மாடிப்படி மட்டும்?" என்று பேரம் தொடங்கும். வலியைப் பற்றி ஒரு கேள்விகூட வராது.

வீட்டாரைக் கேட்டால் ஒரே பெருமை. "மழை பெய்தாலும் விடமாட்டான் சார், அவ்வளவு டிசிப்ளின்." எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நல்ல பழக்கம் எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று யார் சொன்னது? மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவர் வாரம் 100 கிலோமீட்டர்கூட ஓடுவார். கோச் 'இன்று ரெஸ்ட்' என்றால் காலை நீட்டித் தூங்குவார். இன்னொருவர் தினமும் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறார். ஆனால் காய்ச்சலிலும் ஓடுகிறார், தங்கை முகூர்த்தத்துக்கு முன்னாலும் ஓடுகிறார், ஒரு நாள் விட்டால் அன்று முழுக்க எரிந்து விழுகிறார். என்னிடம் வரவேண்டியவர் இவர்தான். எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்.

பயிற்சிக்கு இப்படி அடிமையாவது இன்று நேற்று வந்ததுமல்ல. பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் தேடிய பேக்லாண்ட் என்ற ஆய்வாளர், அந்த அனுபவத்தை 1970-இல் எழுதினார். வாரம் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்கள் பணம் தருகிறேன் என்றும் வரவில்லை. குறைவாகச் செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வு நடந்தது. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது.

சாப்பாட்டையும் கவனியுங்கள். இரண்டு இட்லி கூடிப்போச்சு என்று ராத்திரி மொட்டை மாடியில் நடப்பவர், பாயசத்துக்கு அபராதமாகக் காலையில் ஐந்து கிலோமீட்டர் கூட்டி ஓடுபவர், இவர்களுக்குப் பெரும்பாலும் உண்பதிலேயே சிக்கல் இருக்கும். பதினோரு மணிக்கு ஹாலில் வட்டமடித்து 10,000 அடியை முடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த அளவு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி.

பெண்களே, மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் 'வொர்க்அவுட் அதிகம், அதனால்தான்' என்று விடாதீர்கள். உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாமல் இருக்கலாம். அப்படியென்றால் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. ஆண்களும் தப்பவில்லை, டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்.

பெற்றோர்களே, ஷூவை ஒளித்து வைக்காதீர்கள், திருட்டுத்தனமாக அறைக்குள் குதிப்பார்கள். "ஓடலைன்னா உனக்கு என்ன பயம்?" என்று சண்டை போடாமல் ஒரு தடவை கேளுங்கள். எலும்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மனநல மருத்துவரையும் பாருங்கள், தயவுசெய்து. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கட்டணமில்லை.

ஜிம் டிரெய்னர்களுக்கும் ஒன்று. கடுமையான பயிற்சிக்குப் பிறகு யாருக்காவது தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் எலக்ட்ரோலைட் பாட்டிலைக் கையில் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். தசை சிதைந்து கிட்னியைப் பாதிக்கிற நிலை அது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எடுக்கட்டும்.